சீப்பிழுது

பொருள்களுக்குப் பெயரிடும் முறையை நம் இலக்கண நூலார் நன்கு ஆராய்ந்தனர். காரணம் ஒன்றும் கருதாது தொன்றுதொட்டு வழங்கி வருவது இடுகுறிப்பெயர். காரணம் கருதி இடப்பெற்றது காரணப்பெயர். சிங்கப்பெருமாளுக்குக் குன்றின்கண் குடைவரைக் கோயில் அமைந்தமையால் எம்மூர் ‘சிங்கப்பெருமாள் கோவில்’ எனப் பெயர் பெற்றது. இது காரணப்பெயர். பெயரைக் கேட்ட அளவிலேயே பொருளின் இயல்பு ஒருவாறு புலப்படுதல் காரணப்பெயரின் சிறப்பாகும். ஆயின் அதன்கண் ஓர் இடரும் உண்டு. உருவம் ஒத்திருத்தல் ஒன்றையே நோக்கி, ஒரு பொருளின் காரணப்பெயரை அக்காரணமே இல்லாத மற்றொரு பொருளின்மேல் ஏற்றிவிட்டால், அப்பெயரே நம்மை வழி தவறச் செய்யும். இதற்குக் கடல் வாழ் உயிர் ஒன்று தக்க சான்றாகும்.

எம்மூரிலிருந்து கிழக்கே திருப்போரூர் வழியாகச் சென்றால் வங்கக் கடலின் கரையை அடையலாம். அங்கே கரைவலை இழுக்கும் மீனவர், மீனோடு வந்து சிக்கும் வழுவழுப்பான உயிர்களைச் ‘சொறி’ என்று வழங்குவர். மேனியிற் பட்டால் எரிச்சலும் அரிப்பும் உண்டாக்குதலின் அவற்றுக்கு அப்பெயர் வந்தது. அவற்றினிடையே சிற்சில காலங்களில் பளிங்கினால் இயன்ற நெல்லிக்கனி போன்ற சிற்றுயிர்களும் கிடக்கக் காணலாம். அவையும் நிறமற்றவை; அவையும் இழுது போன்ற மேனியுடையவை. ஆதலின் காண்போர் அவற்றையும் சொறி என்றே கருதுவர். ஆனால் அவற்றைத் தொட்டால் அரிப்பு உண்டாவதில்லை. பெயருக்குக் காரணமாகிய அரிப்பே இல்லாதபோது அப்பெயர் அவற்றுக்கு எங்ஙனம் பொருந்தும்?

இவ்வுயிர்களைக் குறிக்க அறிவியலார் வழங்கும் பெயர் ‘டினோபோரா’ என்பது. சீப்பைத் தாங்கியவை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். எஷ்சோல்ட்ஸ் என்னும் அறிஞர் 1829 ஆம் ஆண்டில் அப்பெயரை அமைத்தார். நெய், வெண்ணெய் போன்ற குழைந்த பொருளைக் குறிக்கும் ‘இழுது’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லைக் கொண்டு, இப்பாடத்தில் நாம் அவற்றைச் ‘சீப்பிழுது’ என வழங்குவோம். உலகக் கடல்களில் 150க்கு மேற்பட்ட சீப்பிழுது இனங்கள் உள்ளன. அவற்றுள் புளூரோபிரேக்கியா, பெரோயி முதலியவை நம் கீழைக் கடற்கரையை அடுத்த நீரிலும் வாழ்கின்றன. புளூரோபிரேக்கியாவைச் சான்றாகக் கொண்டு இவற்றின் உடலமைப்பைக் காண்போம்.

புளூரோபிரேக்கியாவின் உடல் உருண்டை அல்லது முட்டை வடிவினது. அதன் ஒரு முனையில் வாயும், எதிர்முனையாகிய உச்சியில் உடலின் நிலையை உணரும் உறுப்பும் உள்ளன. உச்சியை அடுத்துத் தொடங்கி வாயை நோக்கி எட்டு வரிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வரியிலும் நுண்ணிய தகடுகள் பல, ஏணிப்படி போல ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு தகடும் ஆயிரக்கணக்கான குறுமயிர்கள் நெருங்கி இணைந்து ஆகியது. உருப்பெருக்கியால் நோக்கினால் தகட்டின் விளிம்பு சீப்பின் பற்களைப் போலத் தோன்றும். ‘சீப்பு’ என்னும் பெயருக்கு இதுவே காரணம்.

இச்சீப்புகளே இவ்வுயிருக்குத் துடுப்புகள் ஆகும். ஒரு வரியிலுள்ள சீப்புகள் அனைத்தும் ஒரே கணத்தில் அசைவதில்லை. உச்சியை அடுத்த சீப்பு முதலில் அசையும். அதனைத் தொடர்ந்து அடுத்தது அசையும். இவ்வாறே அசைவு வாய்ப்புறம் வரை பரவிச் செல்லும். விளைந்த நெல்வயலின்மேல் காற்று வீசுங்கால் கதிர்கள் வரிசையாகச் சாய்ந்து நிமிர்தலைக் கண்டிருப்பீர்கள். அத்தகைய அலையே இச்சீப்பு வரிகளிலும் ஓடுகின்றது. அதனால் இவ்வுயிர் வாயை முன்னிட்டு நீரில் மெல்ல நகர்கின்றது. குறுமயிர்களால் நீந்தும் விலங்குகளுள் சீப்பிழுதுகளே மிகப் பெரியவை. சொறியோ, தன் குடை போன்ற உடலைச் சுருக்கியும் விரித்தும் நீரை உந்தி நீந்துவது. நீந்தும் முறையிலேயே இரண்டும் வேறுபடுதலை நோக்குக.

வெயிலில் சீப்பிழுது நகருங்கால் அதன் வரிகளில் வானவில்லின் நிறங்கள் ஓடக் காணலாம். அஃது அவ்வுயிர் உமிழும் ஒளி அன்று. நெருங்கிய மயிர் வரிசைகளின்மேற் படும் கதிரொளி சிதறி நிறங்களாகப் பிரிதலே அதற்குக் காரணம். சீப்பிழுதுகளுட் பல இருளில் தாமே நீலமும் பசுமையுமாகிய ஒளியை வீசும் ஆற்றலும் உடையன என்பது உண்மையே. ஆயின் புளூரோபிரேக்கியாவுக்கு அவ்வாற்றல் இல்லை. ஒளியைச் சிதறுதல் வேறு. ஒளியை உண்டாக்குதல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.

கண்ணும் மூளையும் இல்லாத இவ்வுயிர் தான் சாய்ந்திருப்பதை எவ்வாறு அறிகின்றது? அதன் உச்சியில் ஒளி ஊடுருவும் சிறு கவிகை ஒன்று உண்டு. அதனுள்ளே நுண்ணிய மணிக்கல் ஒன்றை நான்கு மயிர்க்கற்றைகள் தாங்கி நிற்கின்றன. உடல் ஒருபுறம் சாய்ந்தால், அக்கல் அப்பக்கத்துக் கற்றையை மிகுதியாக அழுத்தும். ஒவ்வொரு கற்றையும் இரண்டு சீப்பு வரிகளோடு தொடர்புடையது. எனவே அழுத்தம் மாறிய அளவிற்கு ஏற்ப அவ்வரிகளின் அசைவு மாற, உடல் நேர்படுகின்றது. சுவர் எழுப்பும் கொத்தனார் ரசமட்டத்தை வைத்துச் சாய்வை அறிந்து, பின்னர்த் தம் கையால் திருத்துவார். இவ்வுயிரிலோ சாய்வை அறிதலும் திருத்துதலும் ஒருங்கே நிகழ்கின்றன.

இரை பிடிக்கும் முறையே இவ்வுயிரின் தலையாய வேறுபாடாகும். புளூரோபிரேக்கியாவின் உடலில் இருபுறமும் இரண்டு உறைகள் உள்ளன. அவற்றிலிருந்து இரண்டு நீண்ட உணர்கொம்புகள் வெளிப்படும். அவை உடலின் நீளத்தைப் போலப் பன்மடங்கு நீளும். வேண்டாத போது உறைக்குள் அடங்கும். அவற்றின் பக்கங்களில் நூலிழை போன்ற கிளைகள் தொங்கும். அக்கிளைகளில் பசையணுக்கள் நிறைந்துள்ளன. நுண்ணிய இறால் இனங்களும் மீன் குஞ்சுகளும் அவற்றின்மேற் பட்டவுடன் பசையணுக்கள் உடைந்து இரையை ஒட்டிக்கொள்ளும். சொறியின் உணர்கொம்புகளிலோ கொட்டும் அணுக்கள் உள்ளன; அவை நுண்ணிய ஊசி போன்ற இழையைப் பாய்ச்சி நஞ்சைச் செலுத்துவன. ஒன்று ஒட்டிப் பிடிப்பது. மற்றொன்று கொட்டிப் பிடிப்பது.

பிடித்த இரை வாய் வழியே தொண்டையை அடைந்து செரிக்கின்றது. செரித்த உணவு சிறு குழாய்களால் உடலெங்கும் செல்கின்றது. அவற்றுள் எட்டு, சீப்பு வரிகளின் கீழே ஓடுவன. செரியாத சக்கை உச்சியருகே உள்ள நுண்துளைகள் வழியாகவும் வெளியேறும். இவ்வுயிருக்கு இதயம் இல்லை, குருதி இல்லை, மூச்சு உறுப்பும் இல்லை. உடலின் பெரும்பகுதி நீரே. ஆயினும் வலை போன்ற நரம்பமைப்பும் தசை அணுக்களும் உண்டு. பெரும்பாலான இனங்களில் ஆண்மையும் பெண்மையும் ஓருடலிலேயே அமைந்துள்ளன. முட்டையினின்று வெளிப்படும் குஞ்சும் எட்டுச் சீப்பு வரிகளோடு நீந்தும். சொறிகளுட் பல இளமையில் பாறை முதலியவற்றில் ஒட்டி வாழ்வது போன்ற பருவம் இவற்றுக்கு இல்லை.

தோற்றத்தால் மயங்கியவர் பொதுமக்கள் மட்டும் அல்லர். அறிஞரும் ஒரு காலத்தில் மயங்கினர். உயிர்களை வகுத்தல் தமிழர்க்குப் புதியது அன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் தொகை பற்றி ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக ஆறாகப் பகுத்தார். எதனை அடிப்படையாகக் கொண்டு பகுக்கிறோம் என்பதே அங்கும் இங்கும் முதன்மையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மேனாட்டார் சொறியையும் சீப்பிழுதையும் ‘குழியுடலிகள்’ என ஒரே தொகுதியில் அடக்கினர். 1888 ஆம் ஆண்டில் ஹாட்செக் என்பார் இரண்டையும் வெவ்வேறு தொகுதிகளாகப் பிரித்தார். பின்வந்த ஆய்வுகள் அப்பிரிவே தக்கது என உறுதி செய்தன.

அங்ஙனமாயின், கொட்டுவது சொறி, கொட்டாதது சீப்பிழுது என்று ஓர் எளிய விதி செய்துகொள்ளலாமா? அதுவும் போதாது. ஹெக்கேலியா என்னும் சீப்பிழுதிடம் கொட்டும் அணுக்கள் காணப்பட்டன. ஆராய்ந்தபோது அவை அதற்கு இயல்பாக உரியவை அல்ல என்பது தெரியவந்தது. தான் தின்ற சொறியின் கொட்டணுக்களை அது சிதையாமல் எடுத்துத் தன் உணர்கொம்பில் வைத்துக்கொள்கின்றது. அஃது இரவற் படைக்கலம்! பெரோயிக்கோ உணர்கொம்பே இல்லை. அது பிற சீப்பிழுதுகளை அகன்ற வாயால் விழுங்கி வாழ்வது.

சீப்பை உடையது சீப்பிழுது என்னும் விதியாவது நிலைக்குமா என்றால், அதற்கும் விலக்கு உண்டு. அவ்விலக்கினைக் காணத் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. நம் கடற்கரை வழியே தெற்கே சென்றால், பாம்பனை அடுத்து மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவு உள்ளது. தேவநேசன், வரதராசன் என்னும் ஆய்வாளர் இருவர் அத்தீவிலிருந்து ‘சீலோபிளானா’ என்னும் வகையைச் சேர்ந்த மூன்று புதிய இனங்களை 1942 ஆம் ஆண்டில் விவரித்தனர். அவற்றுள் ஒன்று அத்தீவின் பெயராலேயே வழங்குகின்றது. சீலோபிளானா தட்டையான உடலுடையது; நீந்தாது பிற பொருள்களின்மேல் ஒட்டி ஊர்வது; வளர்ந்த பருவத்தில் அதற்குச் சீப்புகளே இல்லை! பார்ப்போர் அதனைத் தட்டைப்புழு என்றே எண்ணுவர். ஆயின் அதன் உணர்கொம்புகளையும், நிலையுணரும் மணிக்கல்லையும், எட்டுச் சீப்பு வரிகளோடு நீந்தும் இளமைப் பருவத்தையும் ஒருங்கு வைத்து நோக்கினால் அது சீப்பிழுதே என்பது தெளிவாகும். ஓர் அடையாளத்தால் மட்டும் ஒன்றை அறுதியிடல் ஆகாது. முழு உடலையும் முழு வாழ்வையும் காணல் வேண்டும்.

இவ்வறிவால் பயன் யாது என வினவலாம். அமெரிக்க அட்லாண்டிக் கரைக்கு உரிய நீமியோப்சிஸ் என்னும் சீப்பிழுது, கப்பல்கள் தம் நிலைப்பாட்டிற்காக நிரப்பிக் கொண்ட நீரோடு 1980களின் தொடக்கத்தில் கருங்கடலை அடைந்தது. அது மீன்களுக்கு உணவாகும் நுண்ணுயிர்களையும், மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகியது. அளவிறந்து மீன் பிடித்தலும் அதனோடு சேர, அப்பத்தாண்டின் இறுதியில் அங்கு நெத்திலி வளம் சரிந்தது. மீனவர் வாழ்வு நலிந்தது. 1997 ஆம் ஆண்டில் பெரோயி அங்கு வந்து சேர்ந்து நீமியோப்சிஸைத் தின்னத் தொடங்கிய பின்னரே அதன் பெருக்கம் தணிந்தது. பெரோயியையும் நீமியோப்சிஸையும் பிரித்தறியாது ‘எல்லாம் சொறியே’ என்றிருப்பவர் பகை எது, துணை எது என்பதையே அறியார் அன்றோ?

விலங்குகளின் குடிவழியில் சீப்பிழுதுக்கு உரிய இடத்தைப் பற்றி இன்றும் வாதம் நிகழ்கின்றது. எல்லா விலங்குகளினின்றும் முதலில் கிளைத்துப் பிரிந்தது கடற்பஞ்சே எனப் பலர் கொண்டிருந்தனர். 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, நிறப்புரிகளில் மரபணுக்கள் அமைந்துள்ள முறையை ஒப்பிட்டு, முதலிற் பிரிந்தது சீப்பிழுதின் வழியே எனக் கூறியது. அறிஞர் அனைவரும் அதனை ஒப்பவில்லை. மறுக்கப்படுவதும் திருத்தப்படுவதும் அறிவியலுக்கு இழுக்கு அல்ல. அதுவே அதன் வளர்ச்சி.

மாணவர்களே! கடற்கரைக்குச் செல்லுங்கால் இழுது போன்ற உயிர் எதனையும் இன்னதென்று அறியாமல் கையால் தொடாதீர்கள். கொட்டும் சொறியும் அங்கு இருக்கக்கூடும். பெரியவர் துணையோடு, தெளிந்த கடல்நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் அதனை இட்டு உற்று நோக்குங்கள். குடை சுருங்கி விரிகின்றதா? எட்டு வரிகளில் நிற அலை ஓடுகின்றதா? கண்டபின் மெல்லக் கடலிலேயே விடுங்கள்; அதன் மேனி சிறு அழுத்தத்திற்கும் சிதையும் மென்மை உடையது. பிறர் சொன்ன பெயரைக் கேட்டு அமையாது, அப்பெயருக்குரிய காரணம் அப்பொருளில் உண்டா என்று தேடுங்கள். அங்ஙனம் தேடுதலே கல்வியின் தொடக்கமாகும்.