வரையாடு வெள்ளாட்டினமா, செம்மறியினமா?

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. ‘வரை’ என்னும் சொல் மலையைக் குறிக்கும். சங்க நூல்கள் ‘வருடை’ என்று கூறும் விலங்கு இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. மேற்குத் தொடர்ச்சி மலையில், தமிழ்நாட்டுப் பகுதியிலும் கேரளப் பகுதியிலும் மட்டுமே இது இயற்கையாக வாழ்கிறது. புல்வெளியில் மேய்ந்து, ஆபத்து வந்தால் செங்குத்தான பாறைக்கு ஓடிவிடும். குளம்பின் ஓரம் கடினமாகவும் நடுப்பகுதி மெத்தென்றும் இருப்பதால் பாறையில் போதிய உராய்வு கிடைக்கிறது. சிறுத்தையும் செந்நாயும் அங்கே அதனை எளிதில் எட்ட இயலாது.

இவ்விலங்கு எந்த இனத்தைச் சேர்ந்தது? இமயமலையில் வாழும் ‘தார்’ என்னும் விலங்கோடு சேர்த்து, இதனை வெள்ளாட்டின் நெருங்கிய உறவாகவே நெடுங்காலம் கருதினர். 2005-ஆம் ஆண்டில் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறு விடை கிடைத்தது. இமயத்துத் தார் வெள்ளாட்டுக்கு நெருங்கியது. நம் வரையாடோ செம்மறிக்கு நெருங்கியது. ஆகவே இதற்கு ‘நீலகிரிட்ராகஸ்’ என்னும் தனிப் பேரினம் வகுக்கப்பட்டது.

பெயர் மாறினால் என்ன என்று கேட்கத் தோன்றும். நோயைப் பற்றி எண்ணும்போது இந்த உறவு முக்கியமாகிறது.

உறவால் வரும் கேடு

வட அமெரிக்காவின் மலைகளில் பெருங்கொம்புச் செம்மறி என்னும் காட்டு விலங்கு உண்டு. குடியேறியவர்கள் கொண்டுவந்த வளர்ப்புச் செம்மறிகள் அதன் மேய்ச்சல் நிலத்தை அடைந்த பின், அவ்வினத்தில் நிமோனியா பரவலாயிற்று. மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியே என்னும் நுண்ணுயிர் வளர்ப்புச் செம்மறியின் மூக்கில் பெரிய தீங்கின்றித் தங்கியிருக்கும். காட்டு இனத்தில் அது மூச்சுக்குழலின் நுண்மயிர்களைப் பாழாக்குகிறது. தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் துடைப்பம் போன்றவை அவை. துடைப்பம் போனால் பிற கிருமிகள் நுரையீரலுக்குள் தடையின்றி இறங்கும். முதலில் மந்தையில் பெரியவை மடியும். பிறகு பல ஆண்டுகள் பிறக்கும் குட்டிகளும் மடியும். இரண்டு இனங்களையும் சந்திக்கவிடாமல் பிரித்து வைப்பதையே அங்குள்ள வனத்துறையினர் முதன்மையான தடுப்பாகக் கொள்கின்றனர்.

நம் நாட்டிலும் எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. ஆட்டுக்கொல்லி நோய் எனப்படும் பி.பி.ஆர். இந்தியாவில் முதன்முதலாக 1987-இல் அறியப்பட்டது, தமிழ்நாட்டில் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். இதே நோய் 2016-17-இல் மங்கோலியாவில் கால்நடையிலிருந்து காட்டுக்குத் தாவி, ஆயிரக்கணக்கான சைகா மான்களைக் கொன்றது. வீட்டு ஆட்டுக்குத் தடுப்பூசி உண்டு. பாறை முகட்டில் திரியும் வரையாட்டைப் பிடித்து யார் ஊசி போடுவது? மலையடி ஊர்களின் ஆடுகளுக்குத் தவறாமல் தடுப்பூசி போட்டால், அது வளர்ப்பவருக்கும் நன்மை, வரையாட்டுக்கும் வேலி.

வானத்துத் தீவுகள்

வரையாட்டு மந்தைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் வாழ்கின்றன. காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். தியாகராய நகர்ப் பனகல் பூங்காவில் 35 டிகிரி இருக்கும் நாளில், 2,400 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 19 டிகிரிதான் இருக்கும். சோலைக்காடும் புல்வெளியும் அந்தக் குளிரில் அமைந்தவை. இடையிலுள்ள சூடான பள்ளத்தாக்குகள் கடல் போல. புல்வெளி மலைகள் தீவுகள் போல. தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் அந்தக் கடலை அகலமாக்கின. சீகை, தைலம் போன்ற அயல்மரங்கள் தீவுகளையே சுருக்கின.

இதே கணக்கைத் திருப்பிப் போடுவோம். பூமியின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், பழைய குளிரைத் தேடி ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போகவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அதற்கு மேல் ஏற மலை இல்லை.

சிறு தீவில் நோய் புகுந்து மந்தை அழிந்தால், பக்கத்து மலையிலிருந்து புதிய மந்தை வந்து நிரப்புவது கடினம். எனவேதான் 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த வரையாட்டுத் திட்டத்தில் கணக்கெடுப்போடு, நோயறிதலும் சிகிச்சையும், புல்வெளி மீட்பும், பழைய வாழிடங்களில் மீண்டும் குடியேற்றுவதும் இடம்பெற்றன. 1975-இல் இவ்விலங்கை ஆராய்ந்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழ்நாட்டில் 2024-இல் 1,031 வரையாடுகளும், 2025-இல் 1,303 வரையாடுகளும் எண்ணப்பட்டன. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் ஒரு பெட்டை ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். தேடும் இடமும் முறையும் விரிந்தாலும் எண் கூடும் என்பதால், வேறுபாடு முழுவதையும் பிறப்பு என்று கொள்ளலாகாது. பல ஆண்டுக் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தாலே உண்மை நிலை புலப்படும்.

வால்பாறை மலைச்சாலையிலும் மூணாறு அருகே இரவிகுளத்திலும் வரையாட்டை அருகிலேயே காணலாம். காணச் செல்வோர் தின்பண்டம் நீட்டுதல் கூடாது, தொடுதலும் கூடாது. குட்டி ஈனும் பருவத்தில் இரவிகுளம் பூங்காவைச் சில வாரங்கள் மூடிவிடுவர். அப்போது சென்று ஏமாறாமல், முன்கூட்டியே விசாரித்துப் புறப்படுவது நல்லது.