சொல்லக் கூடாத விலாசம்

தொடர் கட்டுரை – பகுதி 9

கேமரன் மலையில் உள்ள கம்போங் ராஜாவிலிருந்து வெளியேற மூன்று சாலைகள் உள்ளன. தெற்கே திரிங்காப், கியா பார்ம், பிரிஞ்சாங் தாண்டித் தானா ராத்தாவுக்குப் போவது ஒன்று. மேற்கே மலையிறங்கி சிம்பாங் பூலாய், ஈப்போவுக்குப் போவது இன்னொன்று. மூன்றாவது, கிழக்கே லோஜிங் வழியாகக் குவா மூசாங் போகிறது. அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் பெண்ணுக்கு இவற்றில் எதுவும் மறைவான பாதை இல்லை. காய்கறி லோரியில் ஏறினால் ஓட்டுநர் அவள் புருஷனோடு ஒன்றாகப் படித்தவராக இருப்பார். பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டில் மாமியாரின் தங்கச்சி உட்கார்ந்திருப்பார். மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் சந்தையில் சுற்றுலா வண்டிகள் அடைத்துக்கொண்டால் அங்கே போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடும்.

குடும்ப வன்முறைச் சட்டம் 1994ஆம் ஆண்டில் நிறைவேறிய கதையையும், அதற்காகப் பெண்கள் அமைப்புகள் பத்தாண்டுக் காலம் போராடியதையும் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் சட்டத்துக்கு முந்திய, அன்றாட விஷயம் ஒன்று. ஒரு பெண் எங்கே இருக்கிறாள், யாரோடு பேசுகிறாள், எந்த நேரத்தில் வேலைக்குப் போகிறாள் என்ற தகவல் யார் யார் கையில் இருக்கிறது? அவளைத் தேடி வருகிறவனுக்கு அது எப்படிப் போய்ச் சேருகிறது?

இந்த மலையில் பெரும்பாலும் அது கெட்டவர்கள் மூலம் போவதில்லை. நல்ல மனசுக்காரர்கள் மூலம்தான் போகிறது. அவன் அழுதுகொண்டு பெரியம்மா வீட்டு வாசலில் நிற்பான். "குடிய விட்டுட்டேன் பெரியம்மா, புள்ளைங்க முகத்த ஒருதரம் பாத்தா போதும்" என்பான். பெரியம்மாவுக்கு மனசு இளகிவிடும். "கவலப்படாத தம்பி, அவ ஈப்போவுல தங்கச்சி வீட்டுலதான் பத்திரமா இருக்கா" என்று ஆறுதல் சொல்வார். அந்த ஒரு வரி போதும். மூன்று மாதம் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அதோடு போயிற்று. ஆகவே கிளம்புகிற பெண் தன் இடத்தை எத்தனை பேரிடம் சொல்கிறாளோ அத்தனை பேரின் இரக்கத்திலும் அவள் உயிர் தொங்குகிறது. ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். அவர் உறவுக்காரராக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கைப்பேசிக்கு வருவோம். இங்கே அவசரம் கூடாது. கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிடத்தான் கை பரபரக்கும். இன்னும் அதே கூரையின் கீழ் இருக்கும்போது அப்படிச் செய்யாதீர்கள். நேற்றுவரை அவன் திரையில் தெரிந்த உங்கள் இடம் இன்று தெரியவில்லை என்றால், நீங்கள் கிளம்பப் போகிறீர்கள் என்று அவனுக்கு அறிவித்தது போலாகும். பெண் விட்டுப் போகும் நேரமும் அதற்கு அடுத்த வாரங்களும்தாம் மிக ஆபத்தானவை என்பதை இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லா நாட்டு அமைப்புகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதனால் முதலில் பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள், தொடாமல் விடுங்கள். உதவி கேட்டுப் பேசுவதற்கு வேறு கைப்பேசியைப் பயன்படுத்துங்கள். சிநேகிதியுடையதோ, வேலையிடத்துத் தொலைபேசியோ எதுவாக இருந்தாலும் சரி.

எதைப் பார்ப்பது? வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் கைப்பேசியைச் சில நிமிடம் கையில் வைத்திருந்த எவரும் தன் கணினியை அங்கே இணைத்துவிடலாம். பிறகு நீங்கள் தங்கச்சிக்கு எழுதுவதெல்லாம் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் அறியாத சாதனம் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால் இனி எந்தத் திட்டத்தையும் அந்த வாட்ஸ்அப்பில் பேசாதீர்கள். அடுத்தது கூகுள் கணக்கு. நம் வீடுகளில் புதுக் கைப்பேசி வாங்கினால் புருஷனோ அண்ணனோதான் அதைத் தயார்செய்து கொடுப்பார். கணக்கு அவர் பெயரில், கடவுச்சொல் அவர் கையில். நீங்கள் எடுக்கும் படமும் போகும் இடமும் அந்தக் கணக்கில் போய்ச் சேரலாம். பிள்ளை விளையாடும் பழைய கைப்பேசியும் அதே கணக்கில் இருக்கலாம். புகலிடத்துக்குப் பிள்ளையோடு சேர்ந்து அந்த விளையாட்டுக் கைப்பேசியும் போனால், அம்மா எவ்வளவு கவனமாக இருந்தும் பயன் இல்லை.

சிம் அட்டையைப் பலரும் யோசிப்பதில்லை. நம் நாட்டில் ஒவ்வொரு எண்ணும் ஓர் அடையாள அட்டையின் பேரில் பதிவாகிறது. உங்கள் எண் அவன் பேரில் இருந்தால் அவன் கடைக்குப் போய், தொலைந்துவிட்டது என்று சொல்லி, அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கிக்கொள்ள முடியும். உங்கள் கையில் இருப்பது செத்துப்போகும். வங்கி சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் அது அவனுக்குப் போகும். உங்கள் பேரிலேயே ஒரு பிரிபெய்ட் எண் எடுத்து, வங்கியில் அதைப் பதிந்துவிட்டு, அப்புறம் கிளம்புங்கள். இருவர் பேரிலும் உள்ள கணக்கிலிருந்து ஈப்போவில் போய்ப் பணம் எடுக்காதீர்கள். எந்த ஊரில் எடுத்தீர்கள் என்பது கணக்கறிக்கையில் தெரிந்துவிடலாம்.

மோட்டார்சைக்கிள் இருக்கைக்கு அடியில், கைப்பையின் உள்தையலில், பிள்ளையின் பள்ளிப் பையில் வைக்கிற சின்னக் கண்காணிப்புக் கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. ஏர்டேக் போன்ற கருவி உங்களோடு நகர்ந்துகொண்டே இருந்தால் ஐபோன் எச்சரிக்கும். 2023 முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் எச்சரிக்கின்றன. ஆனால் ஜிபிஎஸ் வகைக் கருவிகளை அவை கண்டுபிடிப்பதில்லை. கையால் துழாவித்தான் பார்க்க வேண்டும். கிளம்பிய பிறகு கிடைத்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, நேரே போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். வழியில் புகலிடத்துக்குப் போகாதீர்கள்.

இனிக் காகிதம். நமது மைகாட்டின் முன்பக்கத்தில் விலாசம் அச்சாகியிருக்கிறது. வேலைக்கு, வாடகை வீட்டுக்கு, தவணைக்கு என்று அதன் நகலை நாம் கணக்கில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். வாக்களிக்கும் இடத்தைப் புது ஊருக்கு மாற்றுவதிலும் நிதானம் வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் அந்த ஆள் எந்தத் தொகுதி, எந்த வட்டாரம் என்று வரும். கட்டிய பெண்டாட்டியின் அடையாள அட்டை எண் எந்தப் புருஷனுக்குத் தெரியாது? போலீஸ் புகார் நகலிலும் புகார்தாரரின் விலாசமும் தொலைபேசி எண்ணும் இடம்பெறும். இப்போது ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்வதற்கு முன், எந்த விலாசத்தைப் பதியலாம் என்று அதிகாரியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை அது.

பிள்ளையின் பள்ளி விஷயத்தை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுச் சொச்சம்தான். பல மாவட்டங்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில்தான் போடுவாள் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, "என் மகன் அங்க சேந்துட்டானா சார்?" என்று தகப்பன் குரலில் கேட்டால் எத்தனை அலுவலகங்கள் பதில் சொல்லாமல் இருக்கும்? பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா என்று எல்லாப் படமும் அன்று மாலையே பேஸ்புக்கில் ஏறிவிடுகிறது. சேர்க்கும் நாளிலேயே தலைமையாசிரியரைத் தனியாகப் பார்த்து, நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு இருந்தால் அதன் நகலைக் கொடுத்து, மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பிள்ளையின் படம் இணையத்தில் வரக் கூடாது, தொலைபேசியில் யார் கேட்டாலும் தகவல் தரக் கூடாது, உங்களைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளையை அனுப்பக் கூடாது. கோயில் திருவிழாவும் இப்படித்தான். தீமிதியை நேரலையாகக் காட்டும் கைப்பேசிகளில் ஒன்றிலாவது உங்கள் முகம் விழும்.

சட்டம் இந்த இடத்தில் எதற்குப் பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சமூக நல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு ஒன்றைத் தரலாம். போலீஸ் புகார் இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம், இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்கும், ஏழு நாள் செல்லும். போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு மாஜிஸ்திரேட் தரும் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வேறு. பாதுகாப்பு உத்தரவில் ஐம்பது மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, தொலைபேசியில் பேசக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போடலாம். வீடு யார் பேரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமையை அவளுக்கே தரலாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அந்த ஐம்பது மீட்டர் எதற்குப் போதும்? ஒரே வரிசையில் அவன் அம்மா வீடு, அண்ணன் வீடு, கூட்டாளி வீடு. அதற்கு மேல் வீடே அவன் வேலையோடு ஒட்டி வந்ததாக இருக்கும். லயத்தில் இருக்கும் பெண்ணுக்கு உத்தரவு மட்டும் போதாது, ஊர் மாற்றமும் வேண்டியிருக்கும் என்பது என் கருத்து. ஓடி வந்த அவசரத்தில் பிறப்புப் பத்திரமும் பிள்ளையின் கிளினிக் புத்தகமும் விட்டுப்போயிருந்தால் தனியாகத் திரும்பிப் போகாதீர்கள். போலீஸ் துணையோடு போய்ப் பொருள்களை எடுத்துவரச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தோட்டப்புறத்தில் இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கும் தவறு ஒன்று உண்டு. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை, ஆகவே சட்டம் நமக்கு இல்லை என்கிறார்கள். அப்படி இல்லை. சமய முறைப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், அது பதிவாகாவிட்டாலும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் கணவன் மனைவிதான். விவாகரத்தாகிவிட்டாலும் பாதுகாப்பு உண்டு.

அந்தச் சட்டத்துக்குள் வராதவன், அதாவது காதலன், முன்னாள் காதலன், வேலையிடத்தில் ஒருதலையாகப் பின்தொடருகிறவன், இவர்களைப் பிடிக்க 2023 வரை சரியான பிரிவே இல்லை. அந்த ஆண்டு மே 31 முதல் குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு அச்சமோ மன உளைச்சலோ உண்டாகும்படி திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, தொடர்புகொள்ள முயல்வது, வீட்டருகே வேலையிடத்தருகே சுற்றித் திரிவது, பொருள் அனுப்புவது எல்லாம் குற்றம். இரண்டு தடவை நடந்தாலே போதும். மூன்றாண்டு வரை சிறை. ஆகவே ஒவ்வொரு தடவையையும் தேதி, நேரம், இடத்தோடு எழுதி வையுங்கள். குறுஞ்செய்தியைப் படமெடுக்கும்போது அனுப்பியவன் எண்ணும் தேதியும் தெரியட்டும். கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அவற்றின் ஒரு பிரதி வேறொருவரிடம் இருக்கட்டும்.

பின்னாலேயே சுற்றினால் ஒருநாள் மனம் மாறிவிடுவாள் என்று நமக்குச் சொல்லித் தந்தது தமிழ்ப்படம். அந்தக் கதாநாயகனைக் கைதட்டி வளர்த்தவர்கள் நாம். 2016 ஜூன் 24 காலையில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குக் கிளம்பி நின்ற இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். அவள் தினமும் எந்த நேரத்தில் எங்கே நிற்பாள் என்பது கொன்றவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்போங் ராஜாவில் முதல் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணின் நேரமும் ஊருக்கே தெரியும். முடிந்தவரை நேரத்தையும் ஏறும் இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். மேலாளரிடமோ மண்டோரிடமோ ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

காயம் பட்டிருந்தால் தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால் மருத்துவப் பதிவில் அதுதான் நிற்கும். மலையிறங்க முடிந்தவர்களுக்கு ஈப்போவில் பேராக் பெண்கள் அமைப்பான பி.டபிள்யூ.டபிள்யூ. இருக்கிறது. 1982 முதல் புகலிடம் நடத்தும் மகளிர் உதவி அமைப்பின் எண் 03-3000 8858. வாட்ஸ்அப்பில் எழுத 018-988 8058.

மளிகைக்கடை அண்ணனுக்கும், பஸ் ஓட்டுநருக்கும், பள்ளி கிராணிக்கும், பூசாரி ஐயாவுக்கும், பெரியம்மாவுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வீட்டை விட்டுப் போன பெண்ணைத் தேடி யார் வந்து கேட்டாலும், எவ்வளவு அழுதாலும், அவன் உங்கள் சொந்த மகனே ஆனாலும், "எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லுங்கள். அது பொய்யாக இருந்தாலும் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் தங்கச்சி, இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ள உன் வீட்டில் முடியாமல் போகலாம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கும் தாலியான் காசே உதவி எண் 15999. ஐந்து இலக்கம்தான். கைப்பேசியில் பதியாதே, மனப்பாடம் செய்து வைத்துக்கொள். உயிருக்கே ஆபத்து என்றால் 999.

(தொடரும்)