முட்டைக் கோது காட்டும் குறிகள்

முட்டையின் கோது மெல்லியதாகவோ, கரடாகவோ, வெளிறியதாகவோ இருந்தால், அதனை இட்ட பேட்டைக் கழித்துவிட வேண்டுமெனப் பலர் எண்ணுகின்றனர். இது எப்போதும் சரியன்று. பேடு உண்ட தீன், குடித்த நீர், அதன் வயது, அதனைத் தொட்ட நோய் ஆகிய யாவும் கோதில் தடம் பதிக்கின்றன. அத்தடத்தை அறிந்தவர் வீட்டில் நல்ல பேடு வீணே சட்டிக்குப் போகாது. கூடு முழுவதையும் தாக்கும் நோயும் காலத்தோடு தெரியவரும்.

கொழும்பு மாநகரின் ஹெவ்லொக் டவுன் போன்ற நெருங்கிய மனைகளில் நாலைந்து பேடுகளை வளர்ப்போருக்கு இக்குறைகள் விரைவில் தென்படக்கூடும். சீமெந்து முற்றத்தில் கிளறுவதற்கு மண் இல்லை. பொறுக்குவதற்கு நத்தையும் பூச்சியும் இல்லை. மிஞ்சிய சோறும் தவிடுமே தீனாகின்றன. கிராமத்துக் கமக்காரர் இதனை நகரத்தார் தொல்லையெனத் தள்ளிவிடலாகாது. கத்தரிப் பாத்தியையும் கீரைப் பாத்தியையும் காப்பதற்காகக் கோழிகளை அடைத்து வைத்தால், அவர் கூட்டுக் கோழிக்கும் அதே நிலைதான். திரிந்து தேடிய சுண்ணாம்புச் சத்தை இனி வளர்ப்பவரே கொடுக்க வேண்டும்.

கோது உண்டாகும் விதம்

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் செல்லும். அதில் 20 மணி நேரமளவு, கோது சுரக்கும் பையிலே முட்டை தங்குகிறது. இதன் பெரும்பகுதி இரவிலே கழியும். கோதில் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் கல்சியங் காபனேற்று ஆகும்; ஒரு கோதில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் உண்டு. பேடு உண்ணும் கல்சியம் முழுவதும் உடலிற் சேர்வதில்லை. ஆதலால் நாள்தோறும் முட்டையிடும் பேட்டுக்கு ஏறத்தாழ 4 கிராம் தேவை. தவிடும் குறுணலும் நூறு கிராம் கொடுத்தாலும் அதிற் கால் கிராம் தானும் கிடையாது. மேலும், தவிட்டில் கல்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட பொசுபரசு உண்டு. அதன் பெரும்பகுதி இருக்கும் வடிவம் கல்சியத்தைப் பிணைத்து, அது உடலிற் சேராமற் செய்கிறது. கடையில் வாங்கிய முட்டைக்கோழித் தீனோடு தவிட்டைச் சரிபாதி கலப்பவர், அத்தீனிலுள்ள கல்சியத்தையும் பாதியாக்குகிறார்.

தீனிற் குறைந்தால் பேடு தன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்துக் கோதாக்கும். சில காலத்தில் கோது மெலியும். பின்னர் தோல்முட்டை விழும். கால்கள் தளர்ந்து பேடு எழமாட்டாமற் கிடக்கும்.

வெப்பமும் கோதை மெலிவிக்கும். வாய் திறந்து மூச்சிரைக்கும் கோழியின் இரத்தத்திலிருந்து காபனீரொட்சைட்டு மிகுதியாக வெளியேறுவதால், கோதுக்கு வேண்டிய காபனேற்றுக் குறைகிறது. வெயிலில் அது தீனையும் குறைவாகவே உண்ணும். கிணற்று நீர் உவராயினும் சில பேடுகளின் கோது கெடும்.

கரடு, வரி, வெண்பூச்சு

கோதின்மேல் மணல் தெளித்தாற்போன்ற பருக்கள் வயது சென்ற பேடுகளில் மிகுதி. முட்டையின் நடுவிற் கட்டுப் போட்டாற்போலப் புடைத்திருந்தால், கோது உருவாகும்போது உள்ளேயே வெடித்து மறுபடி மூடியதென்று கொள்ளலாம். மாலையிலும் முன்னிரவிலும் நாய் விரட்டுதல், இட நெருக்கம் என்பன இதற்குக் காரணமாகும். முட்டையிடும் வேளையில் பேடு கலவரப்பட்டு முட்டையை அடக்கி வைத்திருந்தால், கோதின்மேல் வெண்பூச்சுப் படியும். இம்முட்டைகள் வெடிப்பின்றி இருந்தால் உண்பதற்கு ஏற்றவை, அடைவைக்க ஏற்றவையல்ல.

நிறம்

கோதின் நிறம் இனத்தைப் பொறுத்தது. வெள்ளை லெகோண் வெண்ணிற முட்டையும், றோட் ஐலண்ட் றெட் மண்ணிற முட்டையும் இடும். சிலி நாட்டு அறவுக்கானா இனம் நீல முட்டை இடும். கோதின் நிறத்தால் உணவுச் சத்துக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மண்ணிறம் முட்டை வெளிவருவதற்கு முந்திய சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் ஏறுவதால், சிறு குழப்பமும் அதனை வெளிறச் செய்யும். வயது, பயம், வெப்பம், இரத்தக் கழிச்சலுக்குக் கொடுக்கப்படும் நிக்காபசின் மருந்து என்பனவும் காரணமாகலாம்.

நோயின் குறி

ஒரு பேட்டின் முட்டை மாறினால் அப்பேட்டைக் கவனிக்க. பல பேடுகளின் முட்டைகள் ஒரே வாரத்தில் மாறினால் கூட்டைக் கவனிக்க. கோது சுருங்கி வரிவரியாகி, வெண்கருவும் நீர்த்து, கோழிகள் தும்மி இரைத்தால், 1931இல் அமெரிக்காவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட தொற்றும் மூச்சுக்குழாய் அழற்சி எனச் சந்தேகிக்க வேண்டும். இந்நோய் இளங்குஞ்சுகளைத் தாக்கினால் முட்டைக் குழாய் நிலையாகப் பழுதாகலாம். இராணிக்கெற் நோயிலும் கோது கெட்டு முட்டை குறையும். கோழிகள் நலமாகத் தோன்றும்போதே மண்ணிறம் வெளிறி, பின் தோல்முட்டைகள் விழுந்தால், 1976இல் ஒல்லாந்தில் விவரிக்கப்பட்ட முட்டை வீழ்ச்சி நோயாக இருக்கலாம். அந்நோயின் கிருமிக்கு வாத்துகளே இயல்பான இருப்பிடம். ஆதலால் வயலில் வாத்து மேய்ப்போர் அவற்றைக் கோழிகளோடு ஒரே கூட்டில் அடைப்பதும், ஒரே பாத்திரத்தில் நீர் வைப்பதும் தவறாகும்.

கவனிக்க வேண்டியவை

1. சிப்பியை நெல்மணி அளவிற்கு நொருக்கி ஒரு சிரட்டையில் தனியே வையுங்கள். வேண்டிய அளவைப் பேடு தானே எடுத்துக்கொள்ளும். மாவாக இடித்தது விரைவில் கரைந்து கழியும். பருமனானது இரவு முழுவதும் மெல்லக் கரைந்து கோதுக்கு உதவும். சிரட்டை மாலையில் நிறைந்திருப்பது நன்று.

2. தோட்டத்துக்கு இடும் டொலமைற்றைக் கொடாதீர்கள். அதிலுள்ள மகனீசியம் கோதைக் கெடுக்கும். சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

3. முட்டைக் கோதுகளை வறுத்து நொருக்கிக் கொடுக்கலாம்; முழுதாகப் போட்டால் பேடு முட்டை உடைத்துத் தின்னப் பழகும்.

4. இன்னும் முட்டையிடாத குஞ்சுகளுக்குச் சிப்பியும் முட்டைக்கோழித் தீனும் வேண்டா. மிகையான கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

5. கூட்டுக்கு நிழலும், குளிர்ந்த நன்னீரும், காலை வெயில் படும் இடமும் அமையுங்கள். வெயில் படுவதால் உடலில் உண்டாகும் விற்றமின் டி இல்லாமல் கல்சியம் பயன்படாது.

சிப்பி கொடுத்து இரண்டு வாரம் சென்றும் கோது திருந்தாவிடினும், பல பேடுகளில் மாற்றம் ஒருங்கே தோன்றினும், பகுதி மிருக வைத்திய அதிகாரிக்கு அறிவியுங்கள். பழுதான முட்டைகள் சிலவற்றையும் உடன் கொண்டு செல்லுங்கள். நோய் கண்ட பின் ஊசி போடுவதினும், குஞ்சுப் பருவத்திலேயே தடுப்பு மருந்து இடுவித்தல் சிறந்தது. சிப்பிச் சிரட்டை ஒன்றினாற் காக்கக்கூடிய பேட்டைக் கழிப்பது நட்டம். நோயின் குறியைக் கண்டும் காணாதிருப்பது அதனினும் பெரிய நட்டம்.