கைக்காப்பில் எதைப் பொறிப்பது?

1953-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் கலிஃபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த டர்லக் என்னும் ஊரில் நிகழ்ந்தது இது. மேரியன் காலின்ஸ் என்னும் மருத்துவரின் மகள் லிண்டாவுக்கு விரலில் காயம் பட்டது. சிறுமிக்கு அப்போது வயது 14. காயத்தின் வழியே டெட்டனஸ் என்னும் இரணஜன்னி வராதிருக்க, குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்ட நச்சுமுறி மருந்தை ஊசி மூலம் செலுத்துவது அந்நாளைய வழக்கம். அம்மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை அறிய, முதலில் சிறு துளியைத் தோலில் ஏற்றிச் சோதிப்பார்கள். அந்தச் சோதனைத் துளியே லிண்டாவை மரணத்தின் வாயில் வரை கொண்டு சென்றுவிட்டது. பெரும் போராட்டத்திற்குப் பின்னரே அவள் பிழைத்தாள்.

மகள் பிழைத்தாள், ஆயினும் பெற்றோரின் உள்ளத்தில் வேறோர் அச்சம் புகுந்தது. மறுபடியும் அவளுக்குக் காயம் பட்டு, அருகில் நாமும் இல்லாமல், அவளுக்கும் நினைவு தவறியிருந்தால், முன்பின் அறியாத மருத்துவர் அதே மருந்தை முழு அளவில் ஏற்றிவிட மாட்டாரா? முதலில் காகிதத்தில் எழுதி அவளோடு அனுப்பினார்கள். பின்னர் அவள் மேற்படிப்புக்காக வீட்டை விட்டுச் சென்றபோது, தனக்கு ஆகாத மருந்துகளின் பெயரைப் பொறித்த வெள்ளிக் கைக்காப்பை அணிந்து சென்றாள். பிற குடும்பங்களுக்கும் இவ்வுதவி கிடைக்க வேண்டுமென்று அப்பெற்றோர் 1956-இல் தொடங்கியதே மெடிக்அலர்ட் என்னும் அறநிறுவனம். இன்று உலகின் பல நாடுகளில் நோயாளிகள் அணியும் எச்சரிக்கைக் காப்புகளுக்கெல்லாம் அந்த வெள்ளிக் காப்பே முன்னோடி.

கையில் அணிவதற்குக் காப்பு என்று பெயரிட்டனர் நம் முன்னோர். காப்பதனால் அது காப்பு. நம் பங்குகளிலும் இன்சுலின் ஏற்றிக்கொள்வோர், வலிப்பு நோய் உள்ளோர், இதய வால்வு மாற்றிக்கொண்டோர் பலர் உள்ளனர். இத்தகைய ஒருவர் நம் இல்லத்தில் இருப்பாராயின், அவருக்கொரு காப்புச் செய்து தருவது நம் கடமையன்றோ? ஆனால் செய்யத் தொடங்கியவுடன் கேள்வி எழும். விரலகலத் தகட்டில் நான்கைந்து வரிகளுக்குத்தான் இடம் உண்டு. அதில் எதைப் பொறிப்பது? எதை விடுவது?

யாருக்காக எழுதுகிறோம்?

முதலில் இதை நன்கு சிந்திக்க வேண்டும். காப்பிலுள்ள எழுத்து அணிந்தவருக்காக எழுதப்படுவதன்று. வீட்டாருக்கும் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்கும் அது தேவையில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். அதைப் படிக்கப் போகிறவர் நம்மை ஒருபோதும் கண்டிராத ஒருவர். பேருந்து நடத்துநராக இருக்கலாம். 108 ஊர்தியில் வந்த பணியாளராக இருக்கலாம். இரவுப் பணியிலிருக்கும் இளம் மருத்துவராக இருக்கலாம். அவருக்கு ஆராய நேரமில்லை; நம்மிடம் கேட்கவும் வழியில்லை.

எனவே ஒவ்வொரு சொல்லையும் ஒரே கேள்வியால் நிறுத்துப் பார்க்க வேண்டும். 'இதை அறியாவிட்டால் அந்த அன்னியர் தவறானதைச் செய்துவிடுவாரா, அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாது விட்டுவிடுவாரா?' ஆம் என்றால் அச்சொல் தகட்டில் இடம்பெறட்டும். இல்லையென்றால் அது எவ்வளவு உண்மையாயிருந்தாலும் வேறிடத்தில் இருக்கட்டும்.

பொறிக்க வேண்டியவை

இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். மேலும் இறங்கினால் பேச்சுக் குழறும், கால் தள்ளாடும். பார்ப்பவர்கள் குடிபோதை என்று எண்ணி முகம் சுளித்து விலகிப் போவார்கள். அவர் கையில் 'நீரிழிவு' என்று மட்டும் இருந்தால் போதாது. உணவுக் கட்டுப்பாட்டினாலேயே நோயை அடக்கி வைத்திருப்போரும் உண்டு. 'நீரிழிவு – இன்சுலின்' என்று இருந்தால்தான், முதலில் சர்க்கரை குறைந்துள்ளதா என்று பார்க்க வேண்டுமென மருத்துவர் உடனே உணர்வார்.

இதய வால்வு மாற்றிக்கொண்டு, இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை உண்பவர் வண்டியிலிருந்து விழுந்தால், வெளியே சிறு வீக்கமே தெரியினும் மண்டைக்குள் இரத்தம் கசியக்கூடும். 'செயற்கை வால்வு – வார்ஃபரின்' என்ற மூன்று சொற்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் தடுத்து நிறுத்தும்.

பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உண்டவர்களுக்கும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி செயலிழந்தவர்களுக்கும் உடல் தானே ஈடுகொடுக்கும் வலிமையை இழந்திருக்கும். விபத்தோ கடும் காய்ச்சலோ வந்தால் அவர்களுக்கு உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும். இவ்விடத்தில் நோயின் பெயரோடு, செய்ய வேண்டியதையும் பொறிப்பதே சிறந்தது.

வலிப்பு நோயாளியைச் சூழ்ந்து நின்று கையில் சாவிக்கொத்தையும் இரும்பையும் திணிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. இரும்பினால் வலிப்பு நிற்பதில்லை. அவரை ஒருக்களித்துக் கிடத்தி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, வாயில் எதையும் வையாமல் காத்திருந்தால் பெரும்பாலும் தானே அடங்கும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். 'வலிப்பு நோய்' என்று காப்பில் இருந்தால், என்ன நேர்கிறதென்பது அருகிலிருப்பவர்க்கு விளங்கும்.

லிண்டாவைப் போல மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அம்மருந்தின் பெயரை முதல் வரியிலேயே பொறிக்க வேண்டும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. சிறு வயதில் பென்சிலின் தந்தபோது ஒருமுறை வாந்தி எடுத்ததை வைத்துக்கொண்டு, 'பென்சிலின் எனக்கு ஆகாது' என்று சொல்லித் திரிவோர் பலர். மூச்சுத் திணறல், முகவீக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவை ஒவ்வாமையின் அறிகுறிகள். வயிற்றுக் குமட்டல் மட்டும் ஒவ்வாமை ஆகிவிடாது. தவறாகப் பொறித்துவிட்டால், உயிர்காக்கும் நல்ல மருந்தொன்றை நாமே நமக்கு மறுத்தவர்கள் ஆவோம். ஆகவே மருத்துவரிடம் கேட்டறியாமல் எதையும் பொறித்தலாகாது.

கடைசி வரி தொலைபேசி எண்ணுக்கு உரியது. எந்த நேரத்திலும் எடுத்துப் பேசக்கூடியவரின் எண்ணாக அது இருத்தல் வேண்டும். கைப்பேசியிலேயே எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். விபத்தில் அது உடைந்து போகலாம், மின்னூட்டம் தீர்ந்திருக்கலாம், பிறர் திறக்க முடியாதபடி பூட்டியிருக்கலாம். காப்பு கையை விட்டு அகலாது.

விட்டுவிட வேண்டியவை

இரத்த வகையை எல்லாரும் முதலில் பொறிக்க விரும்புவர். ஆயினும் எந்த மருத்துவமனையும் தகட்டை நம்பி இரத்தம் ஏற்றுவதில்லை. தானே சோதித்த பின்னரே ஏற்றும். எனவே அதற்குக் கடைசி இடம் போதும்.

மருந்தின் அளவு மாதத்திற்கு மாதம் மாறும். அதைப் பொறிக்க வேண்டாம். நிறுவனம் வைத்த விற்பனைப் பெயரும் வேண்டாம். மருந்தின் பொதுப்பெயரே எங்கும் விளங்கும். வீட்டு முகவரி, பழைய அறுவைச் சிகிச்சைகள், எல்லா நோய்களின் பட்டியல் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிப் பணப்பையில் மடித்து வைக்கலாம். இடமிருந்தால் 'பணப்பையில் சீட்டு' என்று தகட்டில் சேர்க்கலாம். நாமே உண்டாக்கிக்கொண்ட சுருக்கெழுத்துகளைத் தவிர்க்க வேண்டும்.

எந்த மொழியில்? நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்திலேயே வழங்குகின்றன. ஆகவே மருத்துவர் படிக்க வேண்டிய பக்கம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மறுபக்கம், தெருவில் முதலில் கைகொடுப்பவருக்காகத் தமிழில் இருக்கட்டும்: 'நினைவு இருந்தால் சர்க்கரை தரவும். 108.' நினைவோடு விழுங்கக் கூடியவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கலாம். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 'நினைவு இருந்தால்' என்ற சொற்களை இதனால்தான் விடலாகாது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டித் தருகிறாரே, அவரே ஒரு தகட்டிலும் வெட்டித் தருவார். வெட்டுவதற்கு முன் வாசகத்தைத் தாளில் எழுதி, நம் நோயைப் பற்றி ஏதுமறியாத அண்டை வீட்டாரிடம் காட்டி, 'இதைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் வாசகம் தேறிவிட்டது. அணியும் இடம் மணிக்கட்டாக இருப்பது நலம். நாடி பார்க்க வருகிறவரின் கண்ணில் அது தானே படும். பெண்கள் வளையல்களுக்கிடையே மறைந்து போகாதபடி, பாம்பு சுற்றிய கோலாகிய மருத்துவக் குறியைச் சிவப்பில் தீட்டிக்கொள்வது நல்லது.

குருவை அழையுங்கள்

'நான் கத்தோலிக்கன், குருவை அழைக்கவும்' என்று பொறித்த பதக்கத்தைக் கழுத்தில் அணியும் நல்வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதையே காப்பிலும் பொறிக்கலாமா என்று கேட்போர் உளர். பதக்கம் பதக்கமாகவே கழுத்தில் இருக்கட்டும்; காப்பின் முதல் வரிகள் மருத்துவருக்கே உரியவை. நோயில்பூசுதல் உயிரோடிருப்பவர்க்கு உரிய அருட்சாதனமன்றோ? குருவானவர் வந்து சேரும்வரை உயிரைக் காப்பதும் இறைவனுக்கு உகந்த செயலே.

'ஊர் பார்க்குமே!'

இவ்வளவும் கேட்ட பின்பும் சில தாய்மார்கள் தயங்குவர். 'கல்யாணத்துக்கு நிற்கிற பெண். நோயின் பேரைக் கையில் எழுதி ஊருக்குக் காட்டவா?' இக்கேள்வியை எள்ளி நகையாடுதல் ஆகாது. பெற்ற வயிற்றின் கவலை அது.

முதலாவது, வெளிப்பக்கத்தில் குறி மட்டும் தெரிய, எழுத்தை உட்பக்கத்தில் பொறிக்கலாம். ஊரார் படிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, வலிப்பு நோயைத் திருமணத்திற்குத் தடையாகக் கருதிய பிரிவை இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் 1999-இலேயே நீக்கிவிட்டனர். நாட்டின் சட்டமே அந்தப் பழியைத் துடைத்திருக்க, நாம் அதைச் சுமப்பானேன்? மூன்றாவது, மறைத்துச் செய்யும் திருமணத்தின் கேடு பெரிது. இல்லற வாழ்வை இயல்பாகவே கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையைப் பற்றி, சம்மதம் பெறுவதற்காகவே வஞ்சித்து ஒருவரை மணக்கச் செய்தால் அம்மணம் செல்லாதென 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1098-ஆம் எண்ணில் கூறுகிறது. ஒவ்வொரு நோயும் அத்தகையது என்பது இதன் பொருளன்று. உண்மையின் மேல் கட்டிய இல்லமே நிலைக்கும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். மேலும், புகுந்த வீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று காப்பைக் கழற்றி வைக்கும் பெண், மாத்திரையையும் மறைத்து மறைத்தே விழுங்குவாள். சில நாள் விழுங்காமலும் இருப்பாள். அங்கேதான் உண்மையான ஆபத்து நுழைகிறது.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு மனமிரங்கிய சமாரியரை நாம் அறிவோம். விபத்தில் உதவுவோரைக் காக்கும் நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தால், அத்தகையோரை 'நல்ல சமாரியர்' என்றே அழைக்கிறது. அன்று அந்தச் சமாரியரின் கண்களுக்குக் காயம் தெரிந்தது. ஆதலால் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினார். உள்ளிருக்கும் நோயோ யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இரக்கமுள்ளவர் வந்து நின்றும், என்ன செய்வதென்றறியாமல் கலங்குவார்.

அவருக்கு நான்கு வரிகள் எழுதி வையுங்கள். இன்றிரவு உணவு முடிந்ததும் குடும்பத்தோடு அமர்ந்து தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அத்தாளைக் கொண்டு சென்று காட்டுங்கள். அவர் திருத்தித் தந்த பின் பொறித்து அணிவியுங்கள். முகமறியாத அந்த நல்ல சமாரியர் நம் பிள்ளையைக் காப்பதற்கு, நாம் இன்றே செய்து வைக்கும் உதவி அதுவே.