கம்பி போடுமுன் தேட வேண்டிய பெயர்

பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் டாக்டரைப் பார்ப்பது நாலு வாரத்துக்கோ ஆறு வாரத்துக்கோ ஒரு தரம். தொல்லையெல்லாம் அந்த இடைவெளியில்தான் வரும். கம்பி முனை கன்னத்தைக் குத்தும், பல்லில் ஒட்டிய பிராக்கெட் ஒன்று கழன்று தொங்கும், பல் ஆடுகிற மாதிரி இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு யாரைக் கேட்பது? கைப்பேசியைத்தான் கேட்கிறார்கள்.

கம்போங் குவாந்தானில் இருந்துகொண்டு இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் எழுந்த தென்னமரம் இங்கே பக்கத்தில்தான். அந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளில் பலர் இன்று தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறார்கள். நிபுணரைப் பார்க்கக் கிள்ளானுக்கோ ஷா ஆலாமுக்கோ போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால் ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு உட்காரும்போது யாராவது “அங்கிள், நெட்டுல பார்த்தேன்” என்று தொடங்கினால், “என்னம்மா தேடுன?” என்றுதான் முதலில் கேட்பேன். பார்த்தது சரியா தப்பா என்பதைவிட, தேடியது என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சில கேள்விகளுக்கு இணையத்தில் நல்ல பதில் உண்டு. வலி அப்படிப்பட்ட ஒன்று. கம்பியை இறுக்கிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும், மறுநாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் அடங்கும். இது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். குத்தும் கம்பிமேல் மெழுகு வைக்கலாம் என்பதும், கழன்ற பிராக்கெட்டோடு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் கிளினிக்குக்குப் போன் போட வேண்டும் என்பதும் நல்ல பக்கங்களில் கிடைக்கும். பல் துலக்கும் முறையை எழுத்தில் படிப்பதைவிடக் காணொளியில் பார்ப்பது மேல்.

ஆனால் காணொளியில் அதிகம் காட்டாத ஒன்று நம் கையிலேயே இருக்கிறது, இந்தக் கிளாஸ். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கை அரைமணி நேரம் உறிஞ்சிக்கொண்டே கதை பேசுவோம். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கும், சர்க்கரை கிடைத்ததும் அங்கிருக்கும் கிருமி அமிலம் சுரக்கும், பல்லின் மேற்பூச்சிலிருந்து சுண்ணச்சத்து கரையும். சரியாகத் துலக்காதவர்களுக்கு ஒரே மாதத்தில் வெள்ளைத் தழும்பு தெரிய ஆரம்பிக்கும். ரெண்டு வருஷம் கழித்துக் கம்பியை எடுக்கும்போது பல் நேராக நிற்கும், ஒவ்வொரு பல்லிலும் ஒரு வெள்ளைச் சதுரமும் சேர்ந்து நிற்கும். நிறுத்து என்று சொல்லவில்லை. சாப்பாட்டோடு குடித்து முடித்துவிட்டு வாயைக் கொப்பளி என்கிறேன்.

இனி இணையம் கெட்ட பதில் தரும் கேள்விகளுக்கு வருவோம். “மலிவா எங்க போடலாம்?”, “நானே போட்டுக்க முடியுமா?” என்று தேடினால் வருகிறவை. தனியார் கிளினிக்கில் கம்பி போட 5,000 வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம், மாதத் தவணையில் கட்டுவார்கள். அதே திரையில் சில நூறு வெள்ளிக்கு விளம்பரம் ஓடும். பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று கலர் கலராக ரப்பர் வளையம். வீட்டுக்கே வந்து போட்டுத் தருவோம், வாட்ஸ்அப் பண்ணுங்க. படத்தை உற்றுப் பாருங்கள்: எக்ஸ்ரே இல்லை, வாய்க்குள் அடிக்கும் வெளிச்சம் கைப்பேசி டார்ச், படுத்திருப்பது ஏதோ ஓர் அறையின் மெத்தை. இதைத்தான் நம் நாட்டில் போலிப் பிரேசஸ் என்கிறோம்.

2017 அக்டோபரில் மலாக்காவில் ஒரு வழக்கு. இருபது வயதுப் பெண் ஒருத்தி போலிப் பிரேசஸ் போட்டதற்காக நீதிமன்றத்தில் நின்றாள். பதிவில்லாமல் பல் சிகிச்சை நடத்திய குற்றத்துக்கு 70,000 வெள்ளி அபராதம். வேலையை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. அபராதம் கட்ட முடியாமல் சிறைக்குப் போன அவளைப் பொதுமக்கள் பணம் திரட்டி வெளியே கொண்டுவந்தார்கள். அந்த இரக்கத்தை நான் கிண்டல் செய்யவில்லை, ஏழைக் குடும்பத்துப் பெண். ஆனால் அந்த நாள்களில் அவளைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அவளிடம் வாயைத் திறந்து காட்டியவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பார்த்துக் கற்றவளும் பார்த்து நம்பியவர்களும் இருந்தது ஒரே திரையின் இரண்டு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் தெரியாமல் போனது ஈறுக்குக் கீழே நடப்பது.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பல் எலும்பில் சிமெண்டு வைத்துப் பதித்ததல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைத் தின்னும் செல்கள் வந்து எலும்பைக் கரைக்கும். இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் புது எலும்பை வைக்கும். ஈர மண்ணில் நட்ட வேலிக்கம்பத்தைத் தள்ளி நகர்த்தி, பின்னால் விழும் பள்ளத்தில் மண் போட்டு மிதித்துக்கொண்டே வருவது மாதிரி. மிதிக்க நேரம் கொடுக்காமல் தள்ளினால் கம்பம் ஆடிவிடும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அதுதான் உடம்பு ஒத்துக்கொள்ளும் வேகம். ஒன்றரை, இரண்டு வருஷம் ஆவது அதனால்தான். டாக்டர் இழுத்தடிப்பதாக நினைக்க வேண்டாம். விசை கூடினால் வேர் முனை கரைந்து குட்டையாகும், அது திரும்ப வளராது. அளவெடுத்து, முழுத் தாடைக்கும் பக்கவாட்டுத் தலைக்கும் எக்ஸ்ரே எடுத்த பிறகே தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

முன்பல் நடுவே உள்ள சந்தை மூட ரப்பர் பேண்டு மாட்டும் காணொளியும் உண்டு. நாலைந்து நாளில் சந்து மூடுவதைக் காட்டுவார்கள். மூடும், பொய்யில்லை. பல் வேர்ப்பக்கம் போகப் போக ஒடுங்குவதால் ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும். பிறகு கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயிலும் எளிதில் தெரியாது. உள்ளே இருந்துகொண்டு வேரைச் சுற்றியுள்ள எலும்பை அழித்து, நல்ல பல் இரண்டையும் பிடுங்கும் நிலைக்குக் கொண்டுவந்த சம்பவங்கள் பல் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன. அந்தக் கட்டத்தை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

பெரிய கம்பெனி, நல்ல இணையப் பக்கம் என்றால் நம்பலாமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2014-இல் தொடங்கியது. கம்பிக்குப் பதிலாகப் பல்லில் மாட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் அலைனரைத் தபாலில் அனுப்பிவைக்கும் வியாபாரம். 2019-இல் பங்குச்சந்தைக்குப் போனது, 2023 டிசம்பரில் கடையை மூடியது. பாதி வழியில் நின்ற பல்லோடு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். தவணையில் வாங்கியவர்கள் மீதியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னது கம்பெனி! போய்க் கதவைத் தட்ட ஒரு கிளினிக் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அரசாங்கக் கிளினிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. “அங்க போனா முடியாதுன்னு அனுப்பிட்டாங்க அங்கிள்” என்பது நான் அடிக்கடி கேட்கும் புகார். அங்கே தேவைக்கு ஏற்ப ஐந்து தரமாகப் பிரிக்கும் ஓர் அளவுகோல் உண்டு, 1989-இல் பிரிட்டனில் உருவானது. மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட 9 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினால் ஐந்தாம் தரம், 6-க்கு மேல் என்றால் நாலாம் தரம். கொஞ்சம் கோணலாக இருக்கும் பல் கீழ்த்தரத்தில்தான் விழும், வரிசையும் நீளம். தரம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தால், அவசரமா, அழகுக்கா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கலாம். அழகுக்கு என்றாலும் தப்பில்லை. பணம் சேர்த்துச் செய்யலாம், அவசரப்படத் தேவையில்லை.

சரி, எதைத் தேடுவது? ஆளின் பெயரைத் தேடுங்கள். 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு பெற்றவர்கள்தான் இந்த வேலையைச் செய்யலாம், மீறினால் கடும் அபராதமும் சிறையும் உண்டு. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரைத் தட்டினால் பதிவு இருக்கிறதா, இந்த வருஷச் சான்றிதழ் இருக்கிறதா என்று தெரியும். பொதுப் பல் மருத்துவர்களும் கம்பி போடுகிறார்கள், அது சட்டப்படியே. ஆனால் சீரமைப்பு நிபுணர் என்று சொல்லிக்கொள்ள, ஐந்து வருஷப் பட்டத்துக்கு மேல் இன்னும் சில வருஷம் படித்து நிபுணர் பட்டியலில் பெயர் ஏறியிருக்க வேண்டும். படமும் இல்லை, பாட்டும் இல்லை, சலிப்பூட்டும் பக்கம்தான் அது. கம்பி போட நினைப்பவருக்கு இணையம் முழுக்க அதைவிட உபயோகமான பக்கம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மற்றபடி காணொளி பார்க்கத்தான் போகிறீர்கள். தமிழில் தேடினால் முக்கால்வாசி தமிழ்நாட்டுக் கிளினிக்குகள் வரும். விலை ரூபாயில் இருக்கும், சட்டமும் வேறு. பேசுகிறவர் தன் பெயரும் படிப்பும் சொல்கிறாரா, இந்தச் சிகிச்சையில் என்ன கெடலாம் என்று சொல்கிறாரா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். கடைசி இரண்டையும் சொல்லாதவர் விற்க வந்தவர். தோன்றும் சந்தேகங்களை ஒரு தாளில் எழுதி அடுத்த தடவை டாக்டரிடம் நீட்டுங்கள். “நெட்டுல பார்த்தேன்” என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

உங்கள் வீட்டில் யார் வாயிலாவது அறையில் படுக்கவைத்து ஒட்டிய கம்பி இருந்தால், பிளையரால் நீங்களே கழற்ற முயல வேண்டாம், திட்டவும் வேண்டாம். போட்டது யார் என்ற விவரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த வேலைநாளிலேயே பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.