நிறையும் திணிவும்

கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருங்கி அமைந்த ஊர் காத்தான்குடி. மஃரிபுத் தொழுகை முடிந்த மாலை வேளையில், அவ்வூர் வீடொன்றில் விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து அமரும் ஒரு மாணவனை நேயர்கள் மனக்கண்ணாற் காணலாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டது. அவன் முன்னுள்ள வினா இது: ஆட்களோடு சேர்த்து 410 கிலோகிராம் திணிவுள்ள தோணியொன்று கடலில் மிதக்கின்றது, அதுவே நன்னீரில் மிதக்குமாயின் உயர்ந்து நிற்குமா, தாழ்ந்து நிற்குமா? பையன் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "ராத்தா, இதற்கு எந்தச் சூத்திரம்?" என்று மூத்த சகோதரியைக் கேட்கின்றான்.

சகோதரி சூத்திரத்தைச் சொல்லிவிட்டால் அன்றைய வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் மறுநாள் தோணிக்குப் பதிலாகப் பனிக்கட்டியோ மரக்குற்றியோ வினாவில் வந்தால் அவன் மீண்டும் அதே இடத்தில் நிற்பான். இவ்வாறு சில மாலைகள் கழிந்தபின், கணக்கில் வல்ல பிள்ளைகளும் "விஞ்ஞானம் எனக்கு வராது" என்று தாமே தீர்ப்புக் கூறி, உயர்தர வகுப்பில் விஞ்ஞானத் துறையைத் தவிர்த்துவிடுகின்றனர். அத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானது. தடுக்கி விழுந்த இடம் கணக்கில் இல்லை. வினாவை வாசித்த இடத்திலேயே இருக்கின்றது.

சொல் எவ்வளவு தூரம் வழிமறிக்கக்கூடும் என்பதற்கு 'நிறை' என்பதே போதிய சான்று. கடையில் அரிசி மூட்டையின் நிறை 50 கிலோ என்கின்றோம். அது பேச்சு வழக்கு, அதிற் குற்றமில்லை. இலங்கைப் பாடநூலோ பொருளில் அடங்கியுள்ள சடத்தின் அளவைத் 'திணிவு' என்கின்றது. அதனைக் கிலோகிராமில் அளக்கின்றது. புவி அப்பொருளைத் தன்பால் இழுக்கும் விசையே 'நிறை'. அதன் அலகு நியூற்றன். ஒரு கிலோகிராம் திணிவைப் புவி ஏறத்தாழ 10 நியூற்றன் விசையால் இழுக்கின்றது. ஆதலால் அம்மூட்டையின் திணிவு 50 கிலோகிராம். நிறை ஏறத்தாழ 500 நியூற்றன். இனி அம்மாணவன் தமிழ்நாட்டு நூலொன்றைத் துணைக்கு எடுத்தால் குழப்பம் இரட்டிக்கும். அங்கே 'நிறை' என்பது இலங்கையார் திணிவு என்பதனையே குறிக்கும். இலங்கையார் நிறை என்பதற்கு அங்கே 'எடை' என்று பெயர். ஒரே மொழி, ஒரே சொல், இரு கரைகளில் இரு பொருள். இதனை எவரும் எடுத்துச் சொல்லாதபோது பையன் தன் அறிவையே ஐயுறுகின்றான்.

தமிழிற் கலைச்சொல் காணும் முயற்சி புதிதன்று. மானிப்பாயில் வைத்தியப் பணியாற்றிய அமெரிக்கரான சாமுவேல் கிறீனின் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. காத்தான்குடிக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தவர். 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். பின்னாளில் ஈழத்திலும் தமிழகத்திலும் பாடநூல்கள் வெவ்வேறு கைகளில் வளர்ந்தமையால் சொற்கள் பிரிந்தன. எது சிறந்த சொல் என்னும் வழக்கை அறிஞர் தீர்க்கட்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தேவையானது, கையிலுள்ள நூல் எச்சொல்லை எப்பொருளில் ஆள்கின்றது என்னும் தெளிவே.

தோணிக்குத் திரும்புவோம். சகோதரி சூத்திரம் கூறாமல், "தோணி ஏன் தாழவில்லை?" என்று கேட்கின்றாள். "தண்ணீர் மேலே தள்ளுகின்றது." "எவ்வளவு விசையால்?" பையன் விழிக்கின்றான். கடல்நீர் அடர்த்தி மிக்கது. ஆகவே கடல் கூடுதலாகத் தள்ளும். ஆகவே கடலில் தோணி உயர்ந்து நிற்கும் என்பது அவன் எண்ணம். முடிவு சரி, காரணம் பிழை. ஆசிரியர்கள் மிகவும் அஞ்ச வேண்டிய விடை இதுவே. சரியென்று அடையாளம் இட்டுவிட்டால் பிழை உள்ளேயே தங்கிவிடும்.

தோணி மேலும் எழாமலும் கீழே தாழாமலும் நிற்கின்றதெனின், நீர் தள்ளும் விசை அதன் நிறைக்குச் சமமாக இருத்தல் வேண்டும். 410 கிலோகிராமின் நிறை 4100 நியூற்றன். கடலிலும் அதே 4100. நன்னீரிலும் அதே 4100. மாறுவது விசையன்று, அவ்விசையைப் பெறுவதற்குத் தோணி ஒதுக்க வேண்டிய நீரின் கனவளவு. கடல்நீர் ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 1025 கிலோகிராம்; நன்னீர் 1000. 410ஐ 1025ஆல் வகுத்தால் 0.400 கனமீற்றர், 1000ஆல் வகுத்தால் 0.410. எனவே நன்னீரில் இன்னும் 10 லீற்றர் நீரை ஒதுக்குமளவுக்குத் தோணி கீழிறங்கும். வாவி நீரோ ஆண்டு முழுவதும் ஒரே தன்மையதன்று. மாரி வெள்ளம் வந்து சேரும்போது உப்புக் குறையும். கோடையில் முகத்துவாரத்து வழியே வரும் கடல்நீரால் உப்பு ஏறும். ஆகவே வாவியில் விடை இவ்விரு எண்களுக்கும் இடையில், பருவத்திற்கேற்ப நகரும். இதனைப் பையன் தானாகவே சொல்வானாயின் அவனுக்குச் சூத்திரம் தேவைப்படாது.

இரசாயனக் கணக்கிலும் இதே முறை செல்லும். வெற்றிலைக்குரிய சுண்ணாம்பு சிப்பியைச் சுட்டு எடுக்கப்படுவது. சிப்பி பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. 25 கிலோகிராம் தூய காபனேற்றை முற்றாகச் சுட்டால் சூளையில் எவ்வளவு எஞ்சும்? "அதே 25 தானே, ராத்தா?" என்கின்றான் பையன். கணக்கை உடனே தொடங்காமல், சூளையிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் எது வெளியேறுகின்றது என்று அவள் கேட்க வேண்டும். காபனீரொட்சைட்டு வாயு என்று அவன் கண்டபின்பு எண்கள் தாமே இடத்தில் அமரும். கல்சியத்தின் சார் அணுத்திணிவு 40, காபன் 12, ஒட்சிசன் 16. மூன்று ஒட்சிசனுக்கு 48, மொத்தம் 100. வெளியேறும் வாயு 12உடன் 32 சேர்ந்து 44. எஞ்சும் நீறாத சுண்ணாம்பு 56. நூற்றுக்கு 56 எனின் 25க்கு 14.

"மிச்சம் பதினொன்றும் எங்கே?" என்று சகோதரி கேட்கின்றாள். பையன் பென்சிலை வைத்துவிட்டு, புகைபோக்கியைக் காட்டுவதுபோல் விரலை மேலே உயர்த்துகின்றான்.