பத்து விரலிலும் எழுதி அனுப்புகிறவன்

ஏலச்செடி தலைக்கு மேலே காய்ப்பதில்லை. தூரை ஒட்டித் தரையில் கிடக்கும் சரத்தில்தான் காய் பிடிக்கும். விடியுமுன் போடியில் ஜீப் ஏறி மலைக்குப் போகிற பெண்கள் நாளெல்லாம் குனிந்தும் குந்தியும்தான் காயெடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் இப்படி உழைத்துத் தேய்ந்த கட்டைவிரலை ரேஷன் கடையில் வைத்தால், "ரேகை விழலம்மா, அடுத்த விரல வைங்க" என்பார்கள். அதுவாவது புரிகிறது. அவள் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தையின் விரலில் சற்றும் தேயாத ரேகை இருக்கிறதே, அதையும் அந்தக் கருவியால் வாசிக்க முடியாது. ஐந்து வயது வரை ஆதாரில் பிள்ளையின் கைரேகையை எடுப்பதே இல்லை. முகப்படம் எடுத்து, தாய் அல்லது தகப்பன் எண்ணோடு சேர்த்துவிடுகிறார்கள்.

வாசிக்க முடியாத அந்த எழுத்து எப்போது எழுதப்பட்டது என்று நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. கரு பத்து வாரத்தைத் தாண்டும்போதே விரல் நுனியில் வேலை தொடங்கிவிடுகிறது. நுனிச் சதையின் நடுவிலிருந்து ஒன்று, நகத்தடியிலிருந்து ஒன்று, மூட்டு மடிப்பிலிருந்து ஒன்று என மூன்று அலைகளாக வரிகள் புறப்படுவதை எடின்பரோ ஆய்வாளர்கள் 2023-இல் கண்டு சொன்னார்கள். வளரச் சொல்லும் வேதிப்பொருளும் வேண்டாமென்று அடக்கும் வேதிப்பொருளும் இழுபறி போட, மேடும் பள்ளமும் மாறி மாறி விழுகின்றன. இப்படியொரு கணக்கு இயற்கையில் இருக்கும் என்று ஆலன் டூரிங் 1952-லேயே எழுதியிருந்தார். அலைகள் எங்கே சந்திக்கின்றன என்பதைப் பொறுத்துச் சுழியோ வளையமோ வில்லோ அமைகிறது. ஆறாம் மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கும் ரேகை வேறு வேறுதான். படைத்தவன் படி எடுப்பதில்லை.

குறை நம் கருவியில். போடி ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும் எட்டு எம்.எம். காயின் அகலம்தான் இருக்கும், பச்சைக் குழந்தையின் கட்டைவிரல் நுனி. அதில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர், பெரியவர்களுக்கு இதைப்போல் இரு மடங்கு. வழக்கமான கருவி ஓர் அங்குலத்தில் 500 புள்ளி பதியும். அப்படியானால் குழந்தையின் ஒரு வரிக்கு நாலைந்து புள்ளிதான் கிடைக்கும். போதாதற்குத் தோல் வெண்ணெயாக இருக்கிறது. கண்ணாடியில் அழுத்தினால் மேடு பள்ளத்தோடு சேர்ந்து தட்டையாகிவிடும். ஈரம் பட்டால் பள்ளம் நிரம்பிவிடும். கையோ மூடிய கை. விரலைப் பிரிக்கப் பிரிக்க இறுக்கும். புறங்கையை மெல்லத் தடவினால் தானாக விரியும் என்பது பிள்ளை வளர்த்த பாட்டிமாருக்குத் தெரியும்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அனில் ஜெயின் குழு ஆக்ராவின் தயால்பாக்கில் உள்ள சரண் ஆசிரம மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடம் ரேகை எடுத்துப் பார்த்தது. அங்குலத்துக்கு 1,900 புள்ளி பதியும் சிறு கருவியை அவர்களே செய்தார்கள். இரண்டு மூன்று மாத வயதில் பதிந்த ரேகையை வைத்து, மாதங்கள் கழித்து வந்தபோது பெரும்பாலான பிள்ளைகளை அடையாளம் கண்டார்கள். மங்கலான இடத்தில் அக்கம்பக்கத்து வரிகள் ஓடும் திசையைப் பார்த்துக் கணினி படத்தைத் தெளிவாக்குகிறது. இங்கே மிகுந்த பயபக்தி வேண்டும் என்பேன். இருக்கும் கோட்டைத் துலக்கலாம், இல்லாத கோட்டை வரைந்துவிடக் கூடாது. கோடுகள் பிசகினால் அது வேறொரு பிள்ளையாகிவிடக்கூடும்.

மலையோரத்துக்கு இது வெறும் வியப்புச் செய்தி இல்லை. தாய்க்கு வேலை கேரளத் தோட்டத்தில், பிறந்தவீடு தேனிப் பக்கம். புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும்போது அட்டை மழையில் ஊறியிருக்கும், அல்லது லயத்து வீட்டிலேயே தங்கியிருக்கும். எந்த ஊசி போட்டாயிற்று, எது பாக்கி என்று நர்ஸம்மா தாயின் நினைவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்றரை மாத ஊசிக்கு வந்த பிள்ளை, ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை ஊசிக்கு வரும்போது விரல் தடித்திருக்கும், வரிகளின் இடைவெளி விரிந்திருக்கும். ஆனால் எந்த வரி எங்கே கிளை பிரிந்ததோ, எங்கே முடிந்ததோ, அந்த அமைப்பு கருவில் விழுந்தபடியே இருக்கும்.